பெயர் விடுபட்ட பதிவேடு

குருநகரில், புனித யாகப்பர் ஆலயத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அண்மையில் ஒரு பழைய கூத்துக் கொப்பியைப் பார்த்தோம். மட்டை கழன்று, வலை பொத்தும் நூலால் தைக்கப்பட்ட பாடசாலைக் கொப்பி அது. உப்புக்காற்றில் தாள்கள் ஊதியிருந்தன. முதற்பக்கத்தில் பாத்திரங்களின் வரிசை: அரசன், மந்திரி, சேனாதிபதி, கட்டியகாரன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆடியவரின் பெயர். ஓரிடத்தில் ஒரு பெயரின் மீது கோடு இழுத்து, அதற்கு மேலே இன்னொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. கொப்பியை வைத்திருந்த பெரியவர் அந்தக் கோட்டின் மீது விரலை வைத்தார். “இது என்ரை அப்பு. அவர் செத்த பிறகு கோடு போட்டது. மேலை கிடக்கிறது என்ரை பேர்” என்றார். பக்கத்தின் அடியில் மத்தளம் அடித்தவர், பிற்பாட்டுப் பாடியவர், பெற்றோல்மாக்ஸ் விளக்குத் தந்தவர், மேடைக்குத் தடி கொடுத்தவர் என எல்லோருக்கும் ஒவ்வொரு வரி இருந்தது.

விளக்குத் தந்தவரின் பெயரைக்கூட விடாத அந்தக் கொப்பியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, உலகத்தின் பெரிய திரைப்பட விருதுகளையும் எங்கள் தீவின் திரைப்பட விருதுகளையும் எங்களையும் அளந்து பார்ப்பதே இத்தலையங்கத்தின் நோக்கம். கூத்துக் கொப்பியும் விருதுப் பட்டியலும் ஒரே வேலையைச் செய்பவை. ஒரு கலையை யார் செய்தார்கள் என்பதைப் பின்வருவோருக்குச் சொல்லிவைப்பதே அந்த வேலை. அந்த வேலையில் தவறுகிற பட்டியல் எவ்வளவு தங்கமுலாம் பூசியதாக இருந்தாலும் குறையுடையதே.

எமது தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விருதைக் கொடுத்துவிட்டுப் படத்தைக் காக்கத் தவறிய நிறுவனங்கள் குற்றவாளிகள். ஒரு மொழியின் கலைஞர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த தீவின் விருது மரபு குற்றவாளி. எங்கள் கலைஞர்களின் பெயர்களை நாங்களே எழுதிவைக்காமல் விட்டோம் என்பதால் நாங்களும் குற்றவாளிகள். அளவில் வேறுபாடு உண்டு. பொறுப்பிலிருந்து எவருக்கும் விடுதலை இல்லை.

ஒஸ்கார் விருது விழா முதன்முதலில் 1929 மே 16ஆம் திகதி ஹொலிவூட்டில் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. ஏறத்தாழ 270 பேர் கூடி விருந்துண்டார்கள். அனுமதிச்சீட்டு 5 டொலர். வென்றவர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால் விருது வழங்கும் வேலை கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தச் சிறிய விருந்து இன்று உலகமே பார்க்கும் திருவிழாவாகிவிட்டது. ‘பென்ஹர்’, ‘டைட்டானிக்’, ‘லோர்ட் ஒஃப் த றிங்ஸ்’ வரிசையின் மூன்றாம் படம் ஆகியவை தலா 11 விருதுகள் வென்ற கணக்கை யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைகூடப் பொது அறிவுப் போட்டிக்காக மனனம் செய்கிறது. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மேசையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1940 பெப்ரவரி 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் அந்த ஆண்டின் விழா நடந்தது. ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் நடித்த ஹற்றி மக்டானியல் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். ஒஸ்கார் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த ஹோட்டல் அன்று கறுப்பின விருந்தினரை ஏற்றதில்லை. படத்தின் தயாரிப்பாளர் தனியாகக் கேட்டுக்கொண்ட பின்னரே அவருக்கு உள்ளே வர இடம் கிடைத்தது. அதே படத்தில் நடித்த வெள்ளையர்கள் நடுவில் ஒரு மேசையில் இருக்க, அவர் சுவரோரமாகப் போடப்பட்ட சிறு மேசையில் இருத்தப்பட்டார். பெயர் அழைக்கப்பட்டபோது அந்தச் சுவரோரத்திலிருந்து எழுந்து, மண்டபம் முழுவதையும் கடந்து, மேடைக்கு நடந்தார். தமக்குக் கிடைத்த விருதுப் பலகையை வாஷிங்டன் நகரத்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அதுவும் காலப்போக்கில் காணாமற்போனது. 2023இல்தான் அதற்கு ஈடாக வேறொன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது.

இந்த ஒரு கதையில் விருதுகளின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயரை எழுதினார்கள், இருக்கையை மறுத்தார்கள், அடையாளத்தைத் தொலைத்தார்கள். எந்த நாட்டில், எந்த மொழியில் விருது கொடுக்கப்பட்டாலும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான். யாருடைய பெயர் எழுதப்பட்டது? அவருக்குச் சமமான இருக்கை கிடைத்ததா? எழுதப்பட்டதும் படைக்கப்பட்டதும் காக்கப்பட்டனவா?

வெளிநாட்டுப் படங்களுக்கான ஒஸ்காரை எடுத்துக்கொள்வோம். 1950களின் நடுப்பகுதியிலிருந்து போட்டிப் பிரிவாக இருந்துவரும் அந்த விருது நாட்டுக்கே உரியது. நீண்டகாலமாக ஒரு நாடு ஒரு படத்தை மட்டும் அனுப்பலாம் என்பதே விதி. அந்தச் சிலையில் இயக்குநரின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற முடிவுகூட 2014இல்தான் வந்தது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படைத்தவரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. சொந்த நாட்டின் தெரிவுக் குழுவில் குரல் இல்லாத மொழியினருக்கு இந்த விதி என்ன சொல்கிறது? அந்தக் குழுவின் மனச்சாட்சி திறந்தால் உள்ளே வரலாம், திறக்காவிட்டால் கடற்கரையிலேயே நிற்கலாம் என்கிறது. தமிழகத்துக்கு 1969இல் ‘தெய்வமகன்’ வழியாகவும், 2021இல் ‘கூழாங்கல்’ வழியாகவும் அந்தக் கதவு திறந்தது. எங்களுக்கு அந்தக் கதவின் தாழ்ப்பாள் எந்தக் கையில் இருக்கிறது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குருநகர் இறங்குதுறையில் நின்று தென்மேற்கே பார்த்தால் களப்புக்கு அப்பால் மண்டைதீவு தெரியும். அதைத் தாண்டி ஊர்காவற்றுறை வீதியில் சற்றுத் தூரம் போனால் அல்லைப்பிட்டி. அந்த ஊரில் 1967இல் பிறந்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன். வாசகர் அறிந்த பெயர் ஷோபாசக்தி. இளவயதில் ஆயுதம் ஏந்தி, பின்னர் அதிலிருந்து விலகி, அகதியாகப் பிரான்சுக்குப் போனவர். 2015 மே 24ஆம் திகதி கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது ‘தீபன்’ படத்துக்குக் கிடைத்தபோது அதன் நாயகனாக மேடையில் நின்றவர் அவர். உடன் நடித்த காளீஸ்வரி சிறீனிவாசனும், குழந்தையாக நடித்த குளோடின் வினாசித்தம்பியும் தமிழர்கள். படத்தில் பெரும்பகுதி பேசப்படுவது தமிழ். உலகத் திரைப்படத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றை வென்ற படத்தில் எங்கள் மொழி ஒலித்தது. விழாவின் ஏட்டில் அது பிரான்ஸ் நாட்டுப் படம், இயக்குநர் ஜாக் ஓடியார். இதில் எவரும் எங்களை ஏமாற்றவில்லை. பணம் போட்டவரும் படைத்தவரும் பிரெஞ்சுக்காரர்கள். அகதியாக வந்த ஒருவரை நாயகனாக நிறுத்திய நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனாலும் அந்தக் களப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மனம் வேறொன்றையும் சொல்கிறது. 1986 ஜூன் 10ஆம் திகதி இதே மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன குருநகர் மீனவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். 1993 நொவெம்பர் 13ஆம் திகதி யாகப்பர் ஆலயத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. கடலுக்குப் போன அப்பாமார் திரும்பாத வீடுகள் இந்த ஊரில் வரிசையாக இருக்கின்றன. அந்த வீடுகளின் கதையைச் சொல்லும் படத்துக்கான கமராவும் பணமும் திரையும் எங்கள் கரையில் இருக்கவில்லை. பாரிஸ் நகரத்துப் புறநகரில் இருந்தன. அந்தக் கதை தங்கப்பனையைத் தொடுவதற்கு எங்கள் மனிதர் ஒருவர் அகதியாக வேண்டியிருந்தது. இது உலகத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டு மட்டுமன்று, இந்தத் தீவின் திரைப்பட வரலாற்றின் மீது வைக்கும் குற்றச்சாட்டும் ஆகும்.

2009 பெப்ரவரி 22ஆம் திகதியையும் மறக்கமுடியாது. அன்றைய ஒஸ்கார் மேடையில் ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு சிலைகளைப் பெற்று, அந்த மேடையில் தமிழில் பேசினார். அதே விழாவில் சிறந்த பாடலுக்கான போட்டிப் பட்டியலில் அவருடைய பெயருடன் சேர்ந்து மாயா அருட்பிரகாசத்தின் பெயரும் இருந்தது. தன் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்த பெண் அவர். அந்த நாள்களில் வன்னியில் எங்கள் மக்கள் பதுங்குகுழிக்குள் இருந்து எறிகணைகள் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உலக மேடையில் தமிழ் கேட்ட மாதமும் வன்னியில் தமிழ் அழுத மாதமும் ஒன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கிற பதிவேடுதான் எங்களுக்குத் தேவை.

இனி எங்கள் தீவுக்கு வருவோம். இலங்கைச் சினிமாவின் விருது வரலாறு பெருமைப்படத்தக்கது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1957இல் கான் விழாவின் போட்டியில் இடம்பெற்றது. அவரது ‘கம்பெரலிய’ 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதைக் கொண்டுவந்தது. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்ல நாம் தயங்கவில்லை. சிங்களத்தில் வந்த முதற் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளியானபோது அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். சிங்களத் திரைப்பாடல்களை மெருகேற்றிய ஆர். முத்துசாமி தமிழர். தீவெங்கும் படமாளிகைகளைக் கட்டியெழுப்பிய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் சிற்றம்பலம் கார்டினர் தமிழர். லெஸ்டரின் ‘சந்தேசய’வைத் தயாரித்த கே. குணரத்தினம் தமிழர்.

இந்த நாட்டின் மிகப் பழைய திரைப்பட விருதான சரசவிய 1964இல் தொடங்கியது. லேக்ஹவுஸ் நிறுவனத்தின் சிங்கள வார இதழ் ஒன்று தன் மொழிச் சினிமாவைச் சிறப்பிக்கத் தொடங்கிய விருது அது. ஒரு இதழ் தன் மொழியைப் போற்றுவதில் பிழை இல்லை. முதலாவது விழாவில் தராசில் வைக்கப்பட்டவை 1963இன் படங்கள். அதே 1963இல்தான் முழு அளவிலான 35 மில்லிமீற்றர் தமிழ்ப் படமான ‘தோட்டக்காரி’ இந்தத் தீவில் வெளியானது. அதற்கு முந்திய ஆண்டில் 16 மில்லிமீற்றரில் ‘சமுதாயம்’ வந்திருந்தது. ஆக, இலங்கைத் தமிழ்ச் சினிமாவும் இலங்கையின் திரைப்பட விருதும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஒன்றாகப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத் தொட்டிலும் பெயரும் பதிவேடும் கிடைத்தன. மற்றவர் முற்றத்தில் விடப்பட்டார். 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கும், 1970களின் இறுதியில் தொடங்கிய ஜனாதிபதி விருதுக்கும் அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவரும் கடமை இருந்தது. அரசு என்பது ஒரு மொழியின் வார இதழ் ஆகாது.

சிறந்த தமிழ்ப் படம் என்று ஒரு தனிப் பரிசு வைத்தால் கடமை முடிந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. தமிழ்ப் படத்துக்குத் தனிப் பரிசு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது மட்டுமே போதும் என்பதை ஏற்கமாட்டோம். நடிப்புக்கு, ஒளிப்பதிவுக்கு, எழுத்துக்கு, இசைக்கு என்று நடுமேசையில் பரிசுகள் பரிமாறப்படும்போது தமிழுக்குச் சுவரோரத்தில் ஒரு தட்டு என்றால், அது 1940இன் அம்பாசடர் ஹோட்டல்தான். இந்தியாவின் தேசிய விருதிலும் இந்தப் பிரச்சினை உண்டு. 1954இல் தொடங்கிய அந்த விருதில் மொழிவாரிப் பரிசுகள் உண்டு; முழு நாட்டின் சிறந்த படம் என்ற சிகரத்தைத் தமிழ் தொட்டது 1990ஆம் ஆண்டுக்கான விருதில், கே. எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ படத்தால். சிகரத்தைத் தொட முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. இருந்தும் அங்கே சிகரம் போட்டிக்குத் திறந்திருந்தது. நாம் கேட்பதும் அதையே.

பதிவேடு தவறும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சிவாஜி கணேசனே சாட்சி. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தெரிவானவர். சொந்த நாட்டின் தேசிய விருதில் சிறந்த நடிகர் என்ற வரிசையில் அவருடைய பெயர் கடைசிவரை எழுதப்படவில்லை. அதனால் சிவாஜி சிறுத்துப்போகவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்தத் தேநீர்க் கடையிலும் எவருக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. சிறுத்துப்போனது அந்தப் பட்டியல். ஆனால் எல்லோரும் சிவாஜி ஆகிவிட முடியாது. மக்களின் வாயில் வாழுமளவு புகழ் பெறாத ஒரு நடிகைக்கு, ஓர் ஒலிப்பதிவாளருக்கு, ஒரு படத்தோடு மறைந்துபோன ஓர் இயக்குநருக்கு, பட்டியல் ஒன்றுதான் கதி. அங்கே பெயர் இல்லையென்றால் அவர் வாழ்ந்ததற்கே சான்று இல்லை.

எழுதாமல் விடுவதற்கும் எரித்து அழிப்பதற்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1981 ஜூனின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அந்த நாள்களிலேயே இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழருடைய சொத்து என்று நெருப்பு வைத்தவர்கள் அந்த ஸ்ரூடியோவில் எதை எரித்தார்கள்? அங்கே இருந்த படச்சுருள்களில் பெரும்பகுதி சிங்களப் படங்களுடையவை. இனவெறி தன் கையால் தன் இனத்தின் திரைநினைவைக் கொளுத்தியது. இந்தத் தீவின் கலையைத் தமிழ் என்றும் சிங்களம் என்றும் கூறுபோட்டுக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டியதில்லை.

காப்பது முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். லெஸ்டரின் ‘கம்பெரலிய’வும் ‘நிதானய’வும் வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டன. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் விழாவின் பழைய படங்கள் பிரிவில் காட்டப்பட்டது. அந்தப் படம் வெளியான ஆண்டு 1978. அதே 1978இல்தான் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, கடற்றொழிலாளரின் வாழ்வைச் சொன்ன ‘வாடைக்காற்று’ வெளியானது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு படங்களில் ஒன்று புத்துயிர் பெற்றுக் கான் நகரத்துக்குப் போனதை மனமார வாழ்த்துகிறோம். மற்றதற்கு அந்தச் சிகிச்சை எப்போது? குருநகரிலும் பாசையூரிலும் வாடைக்காற்று வீசும் பருவத்தில் அந்தப் படத்தைத் தெளிவான பிரதியில் பார்க்க எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். இனி எங்களைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு அதிக நேர்மை தேவை.

தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கற்பித்துக்கொண்டே, காவலூர் இராசதுரையின் எழுத்தில், 1970களின் பிற்பகுதியில் ‘பொன்மணி’யை எடுத்தார். யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் வேறெந்தப் படமும் பார்க்காத நெருக்கத்தில் பார்த்த படம் அது. இன்று திரைப்பட ஆய்வாளர்கள் அதைத் தலைமேல் வைத்துப் பேசுகிறார்கள். வெளியான காலத்தில் நாங்கள் அதைக் கைவிட்டோம். சென்னையிலிருந்து வரும் படத்துக்கு முதல்நாள் முதற்காட்சிக்கு அள்ளுப்பட்ட கூட்டம், எங்கள் வீட்டுக் கதையைச் சொன்ன படத்துக்கு வரவில்லை. எங்கள் முகத்தைத் திரையில் காட்டியவருக்கு முகம் திருப்பினோம். அன்றைய அரச விருது எங்களைக் கைவிட்டது என்று சொல்லும் வாய், அன்றைய எங்கள் சபை எங்கள் படத்தைக் கைவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

1962 முதல் முப்பது ஆண்டுகளில் இந்தத் தீவில் வந்த தமிழ்ப் படங்கள் ஏறத்தாழ முப்பது. அவற்றைத் தேடித் தொகுத்து ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்று எழுதியவர் தம்பிஐயா தேவதாஸ். நிறுவனங்கள் செய்யவேண்டிய வேலையைத் தனிமனிதர் ஒருவர் செய்தார். அந்த நூல் இல்லாதிருந்தால் எத்தனை பெயர்கள் இன்று எவருக்கும் தெரியாமல் போயிருக்கும்! ஓர் இனத்தின் திரைநினைவு ஒரு மனிதரின் உழைப்பில் மட்டும் தொங்குவது அவருக்குப் பெருமை, எங்களுக்கு வெட்கம்.

குருநகரில் பந்தடித்த எவரையும் நிறுத்திக் கேட்டுப்பாருங்கள். எந்த ஆண்டு எந்தக் கழகத்தை எத்தனை கோல் அடித்து வென்றார்கள், பெனால்டியைத் தடுத்தவர் யார், கிண்ணத்தை வாங்கியவர் யார் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். கழகங்களின் கண்ணாடி அலுமாரிகளில் கேடயங்கள் ஆண்டுவரிசையில் நிற்கும். உதைபந்தாட்டத்துக்கு வைத்த நினைவை, கூத்துக்கு வைத்த நினைவை, திரைப்படத்துக்கு நாங்கள் வைக்கவில்லை. நினைவாற்றல் எங்களிடம் குறையவில்லை. திரைப்படத்தை எங்களுடையது என்று நினைக்கும் பழக்கம் குறைந்தது. அது எப்போதும் கடல் கடந்து வருவது, நாங்கள் பார்ப்பதற்கு மட்டும் உரியது என்று பழகிவிட்டோம்.

இன்றைய இளையோர் அந்தப் பழக்கத்தை உடைக்கிறார்கள். கைத்தொலைபேசியும் சிறு கமராவும் கொண்டு குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் குடாநாட்டில் நிறையப் பேர். அவர்களின் துணிவு எங்களை மகிழ்விக்கிறது. அவர்களின் சுவரொட்டிகளில் தெரியும் ஒன்று எங்களைக் கவலைப்படுத்துகிறது. படத்தின் பெயருக்கு மேலே இரண்டு பக்கமும் இலைகள் வளைந்த விருது முத்திரைகள் வரிசைவரிசையாக நிற்கின்றன. சில முத்திரைகள் உழைப்பால் வந்தவை, அவற்றை மதிக்கிறோம். சிலவோ, இணையத்தில் நுழைவுக்கட்டணம் கட்டினால் மாதாமாதம் வந்துசேர்பவை. அந்த விழாக்களுக்கு மண்டபம் இல்லை, பார்வையாளர் இல்லை, நடுவர் யாரென்று எவருக்கும் தெரியாது. விலைக்கு வாங்கிய விருது இரண்டு அநியாயங்களைச் செய்கிறது. வாங்கியவரைப் பொய்யோடு வாழப் பழக்குகிறது. பக்கத்தில் உண்மையாக வென்றவரின் பரிசையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. மாலையும் பொன்னாடையும் கேடயமும் பணம் கொடுத்தவருக்கே என்று நடத்தப்படும் உள்ளூர், புலம்பெயர் விழாக்களுக்கும் இதே தீர்ப்புத்தான். அவை கலைக்குச் செய்யும் தொண்டு அன்று, களவு. குறும்படத்தின் முடிவில் ஒலிப்பதிவு செய்த நண்பனின் பெயரைப் போட மறந்துவிட்டு, மேலே பத்து முத்திரைகளை ஒட்டும் பிள்ளைக்கு அந்தக் கூத்துக் கொப்பியைக் காட்டவேண்டும்.

நல்ல மாற்றங்களும் தெரிகின்றன. விசாகேச சந்திரசேகரம் தமிழில் எடுத்த ‘மணல்’ 2023இல் றொட்டர்டாம் விழாவின் புலிப் போட்டியில் நடுவர் சிறப்புப் பரிசை வென்றது. சிறையிலிருந்து மீண்டுவந்த முன்னாள் போராளியின் கதை அது. ‘தீபன்’ தங்கப்பனை வென்ற அதே 2015இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. அனோமா ராஜகருணாவும் அவருடைய தோழர்களும் ஆண்டுதோறும் அதைத் தளராமல் நடத்திவருகிறார்கள். சிங்களப் படைப்பாளிகள் எங்கள் நகரத்துக்கு வந்து எங்களோடு இருந்து படம் பார்க்கிறார்கள். பத்திராஜ தனியாளாகத் தொடங்கிய நட்பு இப்போது ஒரு விழாவாகியிருக்கிறது. அதை வளர்ப்பது எங்கள் கடமை.

ஆகவே நாம் கேட்பவை இவை.

தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனம் 1962 முதல் இந்தத் தீவில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும், இயக்குநர் முதல் மின்விளக்குப் பிடித்தவர் வரை, முழுமையான பெயர்ப் பதிவேட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். எஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேடிக் கணினிமயப்படுத்த வேண்டும். படச்சுருள் அரச அலுவலகத்துக் கோப்பைப் போன்றதன்று. காத்திருந்தால் புளித்து, சுருங்கி, ஒட்டிப்போய்விடும். 1931இல் வந்த முதற் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தத் துயரம் எங்கள் படங்களுக்கும் வரக்கூடாது.

அரச விருதுகளின் நடுவர் குழுவில் தமிழை மொழிபெயர்ப்பின்றி விளங்கிக்கொள்வோர் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாப் பிரிவுகளிலும் தமிழ்ப் படைப்புக்கள் சமமாகப் போட்டியிட வேண்டும். நாட்டின் சார்பில் வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தெரிவுசெய்யும் குழுவுக்கும் இது பொருந்தும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், எங்கள் ஆவணங்களை இணையத்தில் காத்துவரும் நூலகம் நிறுவனமும், யாழ்ப்பாணம் பிரதான வீதியில் பல பத்தாண்டுகளாகக் கலைப்பணி செய்துவரும் திருமறைக் கலாமன்றமும் ஒன்றுகூடி ஈழத்துத் தமிழ்த் திரைப்பட ஆவணகம் ஒன்றைத் தொடங்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் ஒரு பொன்னாடை விழாவுக்குச் செலவிடும் பணத்தை இதற்குத் தந்தால் ஒரு படத்துக்கு உயிர் வரும்.

விழாக்களில் வென்ற படங்கள் நகரத்து மண்டபத்தோடு நின்றுவிடக்கூடாது. குருநகர்த் தொடர்மாடிக் குடியிருப்புக்களின் முற்றத்திலும், பாசையூர்க் கடற்கரையிலும், மண்டைதீவிலும், அல்லைப்பிட்டியிலும் வெள்ளைத்துணி கட்டிக் காட்டப்பட வேண்டும். ‘தீபன்’ அந்த மக்களின் கதை. அவர்கள் அதைப் பார்க்காமல் தங்கப்பனை முழுமையாகாது.

இறுதியாக, வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், பழைய தகரப் பெட்டியில், இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றின் துண்டுப்பிரசுரமோ, பாட்டுப் புத்தகமோ, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படமோ இருக்கக்கூடும். அதில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய அம்மாவோ பெரியப்பாவோ இன்னும் உங்களோடு இருக்கக்கூடும். இன்றைக்கே அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயரைக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். விளக்குப் பிடித்தவரின் பெயரையும் விடாதீர்கள்.